மேயவிட்டால் தீவனம் மிச்சமாகுமா? கோழி, முட்டை, பன்றிக்கறி நேரடியாக விற்க நினைப்பவருக்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. வேலை செய்ய நீங்கள் இருவர், விடுமுறை நாளில் பிள்ளைகள். நூறு கோழியும் நான்கைந்து பன்றியும் வைத்து, அடைத்து வளர்க்காமல் மேயவிட்டு, முட்டையையும் கறியையும் சுற்றுவட்டாரத்து மக்களுக்கே நேரடியாக விற்றால் கட்டுபடியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கணக்கில் ஒரு வரி இருக்கிறது: ‘மேய்ச்சலில் விட்டால் தீவனச் செலவு பாதியாகிவிடும்.’ மொத்தத் திட்டமும் அந்த வரியின் மேல்தான் நிற்கிறது. அதனால் நீங்கள் உண்மையில் கேட்பது அந்த வரி சரியா என்பதைத்தான். கால்நடை மருத்துவராகப் பல வருடங்களாகச் சிறு பண்ணைகளுக்குப் போய்வருகிறேன். அந்த வரி சரியில்லை. அதற்காகத் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை, கணக்கை வேறு மாதிரி போட வேண்டும்.

தீவனத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். முட்டையிடும் கோழி ஒன்று நாளைக்கு 110 முதல் 125 கிராம் வரை தீவனம் தின்னும். புல், புழு, பூச்சி, உதிர்ந்த தானியம் எல்லாம் கிடைக்கும் நல்ல நிலத்தில்கூட அதில் சிறு பங்குதான் மேய்ச்சலில் நிரம்பும். மழைக்காலத்தில் கொஞ்சம் கூடும், வறண்ட மாதத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. வீட்டுக் கொல்லையில் பத்துக் கோழி தானாக மேய்ந்து பிழைக்கிறதே என்று தோன்றும். அந்தப் பத்துக்கும் பரந்த இடம் கிடைக்கிறது, அவை இடும் முட்டையும் குறைவு. நூறு கோழியை ஒரே இடத்தில் விட்டால் புழு பூச்சி எல்லாம் சில நாளில் தீர்ந்துவிடும். இன்னொன்று, திறந்தவெளியில் ஓடியாடும் கோழிக்குச் சக்தி கூடுதலாகச் செலவாகும். குளிர்காலத்தில் உடல் சூட்டைக் காக்கவும் தின்னும். ஆக, மேய்ச்சல் கோழி அடைப்புக் கோழியைவிடச் சற்று அதிகமாகவே தின்னும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதுதான் பாதுகாப்பு.

நூறு கோழிக்கு நாளைக்குச் சுமார் 11.5 கிலோ என்று வையுங்கள். நல்ல கலப்பின முட்டைக்கோழி என்றால், வருடம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது தினம் எழுபது முட்டை எதிர்பார்க்கலாம். ஒரு முட்டைக்கு 165 கிராம் தீவனம் ஆகிறது. வருடத்துக்கு 120, 130 முட்டை மட்டும் இடும் நாட்டு இனம் என்றால், அது கொஞ்சம் குறைவாகத் தின்றாலும் ஒரு முட்டைக்குக் கிட்டத்தட்ட 300 கிராம் ஆகிவிடும். உங்கள் ஊர்த் தீவன விலையை இந்த இரண்டு எண்ணோடும் பெருக்கிப் பாருங்கள். முட்டைக்கு எவ்வளவு விலை வைத்தாக வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். கோழி வளர்ப்பில் மொத்தச் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனம்தான். சேதாரம், கூண்டு, தடுப்பூசி, உங்கள் இருவரின் உழைப்பு எல்லாம் இதற்கு மேல். குடும்பம்தானே உழைக்கிறது என்று உழைப்பைக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். அப்படி விட்ட பண்ணைகள் லாபம் வருவதாக நம்பியபடியே இரண்டு வருடத்தில் களைத்து நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் மேயவிடுவதில் என்னதான் பயன்? கோழிக்கு அது நல்ல வாழ்க்கை. கிளறுவது, மண்குளியல் போடுவது, வெயிலில் சிறகை விரித்துப் படுப்பது எல்லாம் அதன் இயல்பு. அதை நேரில் பார்க்கிற வாடிக்கையாளர் கூடுதல் விலை தரத் தயாராக இருக்கிறார். உங்கள் வருமானம் அந்த விலையில்தான் இருக்கிறது, தீவன மிச்சத்தில் இல்லை. எனவே நீங்கள் சொல்வதும் அவர் பார்ப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் மேய்ச்சல் முட்டை என்று விற்பதற்கு, கோழி ஒன்றுக்கு 4 சதுர மீட்டர் திறந்தவெளி இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் நாட்டில் அப்படி விதி இல்லாவிட்டாலும் அதைக் குறைந்தபட்ச அளவாக எடுத்துக்கொள்ளலாம். நூறு கோழிக்கு 400 சதுர மீட்டர். மண் ஆறுவதற்கு இடம் மாற்ற வேண்டும் என்பதால் அதைப்போல மூன்று, நான்கு பங்கு ஒதுக்குங்கள். ஒன்றரை ஏக்கரில் அது முடியும்.

உடல்நலம் பற்றி வாங்குபவர்கள் நிறையக் கேட்பார்கள். வெயிலில் உலவும் கோழியின் மஞ்சள் கருவில் வைட்டமின் டி கூடுகிறது, இது சோதித்து உறுதியான விஷயம். பசுந்தீனி நன்றாகத் தின்றால் ஒமேகா-3 கொழுப்பு கூடும், ஆனால் அதன் அளவு தீனியைப் பொறுத்து மாறும். கொலஸ்ட்ராலில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மஞ்சள் கரு அடர்ந்த நிறமாக இருப்பதை வைத்துச் சத்து அதிகம் என்று சொல்லாதீர்கள். அது தீனியில் உள்ள நிறமிகளின் வேலை. செண்டுமல்லிப் பொடி கலந்து அடைப்புக் கோழியிலும் அதே நிறத்தைக் கொண்டுவந்துவிடலாம். சுவையைப் பொறுத்தவரை, கண்ணை மூடித் தின்னச் சொல்லிச் செய்த சோதனைகளில் முட்டையில் பெரிய வேறுபாடு எப்போதும் தெரிவதில்லை. இன்று காலை இட்ட முட்டை என்கிற புதுமைதான் உங்கள் பலம். கறியில் வேறுபாடு உண்டு. மெதுவாக வளர்ந்த, வயது கூடிய கோழியின் தசை இறுகி இருக்கும், கூடுதல் நேரம் வேக வேண்டும். அதை வாங்குபவரிடம் முன்பே சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் கறி வேகவே இல்லை என்று திரும்பி வருவார்கள்.

மேய்ச்சலுக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு, அதைப் பலரும் பேசுவதில்லை. கோழி தின்னும்போது மண்ணும் உள்ளே போகும். குப்பையும் பிளாஸ்டிக்கும் எரித்த இடம், பழைய பெயின்ட் உதிர்ந்த சுவரடி, பழைய பேட்டரி கிடந்த மூலை இங்கெல்லாம் மேய்ந்தால் ஈயமும் டையாக்சின் என்ற நச்சும் முட்டைக்குள் வந்து சேரும். வெளித்தோற்றத்தில் ஒன்றும் தெரியாது. உங்கள் நிலத்தில் அப்படி ஒரு மூலை இருந்தால் வேலி போட்டு ஒதுக்கிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் மண்ணைச் சோதனைக்குக் கொடுங்கள்.

கோழி காட்டோரப் பறவையின் வழி வந்தது. மேலே பருந்து வட்டமிடும் வெட்டவெளிக்குப் போக அஞ்சும். கதவைத் திறந்துவிட்டாலும் பாதிக் கோழிகள் கூண்டு வாசலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வாசல் மண் ஒரு மாதத்தில் மொட்டையாகிச் சேறும் எச்சமுமாகிவிடும். இரத்தக்கழிச்சலும் குடற்புழுவும் அங்கிருந்துதான் கிளம்பும். இரத்தக்கழிச்சல் கிருமி சூடும் ஈரமும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றத் தயாராகிவிடும், புழுமுட்டை மாதக்கணக்கில் மண்ணில் கிடக்கும். இரண்டுக்கும் வெயிலும் உலர்ச்சியும்தான் எதிரி. ஆகவே புதர், மர நிழல், தாழ்வான பந்தல் எதையாவது மேய்ச்சல் நிலத்தின் நடுவில் விட்டுவிட்டு வையுங்கள், கோழி தானாக உள்ளே போகும். கூண்டைச் சக்கரம் வைத்து நகர்த்தும்படி செய்தால் இன்னும் நல்லது.

அன்றாட வேலையில் இரண்டு பழக்கங்கள் பெரிய பலன் தரும். பெரும்பாலான கோழிகள் காலையிலேயே முட்டையிட்டுவிடும். ஒன்பது, பத்து மணி வரை உள்ளே வைத்திருந்து பிறகு திறந்துவிட்டால் முட்டை பெட்டியில் கிடைக்கும், புதரில் தேட வேண்டாம். நான்கைந்து கோழிக்கு ஒரு பெட்டி போதும். மாலையில் அவை தாமாகவே கூண்டுக்குத் திரும்பும். கதவைச் சாத்துவது மட்டும் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. நரி, கீரி, நாய் ஒரே இரவில் எல்லாவற்றையும் முடித்துவிடும். கதவைச் சாத்தும்போது பரணில் உட்கார்ந்திருக்கும் கோழிகளில் நாலைந்தின் கழுத்தடியில் கை வைத்து, தின்றது முதலில் தங்கும் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகத் தின்ற கோழிக்கு அது உருண்டு நிறைந்திருக்கும். காலியாக இருந்தால் அந்தக் கோழிக்கு ஏதோ சரியில்லை, அல்லது மற்றவை அதை விரட்டித் தின்னவிடவில்லை. விடியும்போது எல்லாவற்றுக்கும் காலியாக இருக்க வேண்டும். அப்போதும் கொழகொழவென்று நிறைந்திருந்தால் செரிக்கவில்லை என்று அர்த்தம். கொண்டை வெளுப்பதற்கும் வால் தொங்குவதற்கும் முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும். இரவில் கோழி அமைதியாக இருப்பதால் செய்வதும் சுலபம்.

முட்டையைக் கழுவலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஓட்டில் பல ஆயிரம் நுண்துளைகள் உண்டு. அவற்றை மூடியபடி மெல்லிய படலம் ஒன்று இருக்கும், கழுவினால் அது போய்விடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் முதல்தர முட்டையைக் கழுவக் கூடாது. அமெரிக்காவில் அரசுத் தரமுத்திரை பெறும் முட்டையைக் கழுவியே ஆக வேண்டும், பிறகு கடைசி வரை குளிரில் வைக்க வேண்டும். இரண்டு வழியும் ஓடுகின்றன. ஓடாதது இரண்டையும் பாதிப் பாதி செய்வதுதான். கழுவிவிட்டு வெளியில் வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் இருந்ததை வெளியே எடுத்து மணிக்கணக்கில் விடாதீர்கள், மேலே நீர் பூத்து அது வழியாகக் கிருமி உள்ளே இறங்கும். கழுவியே ஆக வேண்டும் என்றால் முட்டையைவிடச் சூடான நீரில் கழுவுங்கள். குளிர்ந்த நீரில் உள்ளிருப்பது சுருங்கி, அழுக்கு நீரை உள்ளே இழுக்கும். கழுவத் தேவையே வராதபடி பெட்டியில் உலர்ந்த வைக்கோல் மாற்றிக்கொண்டிருப்பதுதான் என் சிபாரிசு. ஒன்றை மறக்க வேண்டாம்: சில சால்மோனெல்லா கிருமிகள் கோழிக்குள் முட்டை உருவாகும் உறுப்புகளிலிருந்தே முட்டைக்குள் வந்துவிடும். மேய்ச்சல் முட்டை என்பதால் பச்சையாகக் குடிக்கலாம் என்று யாருக்கும் சொல்லாதீர்கள்.

விற்பனையில் முட்டைதான் முதுகெலும்பு. வாரம் ஒருமுறை வருபவர் முட்டைக்காகத்தான் வருவார், வந்த இடத்தில் கோழியும் பன்றிக்கறியும் கேட்பார். ஆனால் வருடம் முழுவதும் ஒரே அளவு முட்டை வராது. நாளில் 14 மணி நேரத்துக்குக் குறைவாக வெளிச்சம் கிடைத்தால் முட்டை குறையும், இறகு உதிர்க்கும் காலத்தில் நின்றே போகும். நூறையும் ஒரே நாளில் வாங்கினால் எல்லாம் ஒரே சமயத்தில் நிறுத்தும். வருடத்துக்கு இரண்டு தொகுதியாக வாங்குங்கள். வாடிக்கையாளரிடமும், குறையும் மாதம் எது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குறைந்த மாதத்தில் வெளியில் முட்டை வாங்கி உங்கள் முட்டையோடு கலந்து விற்றீர்கள் என்றால், அது தெரியவருகிற நாளில் வியாபாரம் முடிந்தது.

பன்றி வேறு உலகம். கோழி மண்ணைக் கிளறும், பன்றி உழுதே விடும். நனைந்த நிலத்தில் நான்கு பன்றிகளை ஒரே இடத்தில் சில வாரம் விட்டால் புல் வேரோடு போய்விடும். காய்கறி போடப்போகிற நிலத்தைத் திருப்பிப்போட அதைப் பயன்படுத்தலாம், நிரந்தர மேய்ச்சலாக எண்ணாதீர்கள். பன்றிக்கு வியர்வை பெயரளவுக்குத்தான். வெயிலில் நிழலும் புரளச் சேற்றுக்குழியும் இல்லாவிட்டால் செத்துவிடும். வெள்ளை இனங்களுக்குத் தோல் வெந்துபோகும். நாளைக்கு ஒன்றுக்கு 5 முதல் 10 லிட்டர் தண்ணீர் வேண்டும். தனியாக ஒன்றை வளர்க்காதீர்கள், அது கூட்டப் பிராணி. வேலிக்குத் தாழ்வாக இரண்டு மின்கம்பி போதும், ஆனால் கால்நடை வேலிக்கென்றே செய்த கருவியில்தான் இணைக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கொடுப்பது ஆளைக் கொல்லும்.

25 கிலோ குட்டியை 100 கிலோவுக்குக் கொண்டுவர, வெளியில் வளர்க்கும்போது சுமார் 300 கிலோ தீவனம் பிடிக்கும். நூறு கிலோ பன்றியில் உரித்தபின் 72, 75 கிலோ நிற்கும். எலும்பும் கொழுப்பும் சரிசெய்து விற்கக் கிடைப்பது 50 முதல் 55 கிலோ. இங்கேதான் புதியவர்கள் திணறுவார்கள். எல்லாரும் ஒரே நல்ல துண்டைக் கேட்பார்கள், தலையும் காலும் கொழுப்பும் மீந்துபோகும். பன்றியைக் குடும்பங்களுக்குள் பங்கு பிரித்து, எல்லாப் பகுதியும் கலந்த அரைப்பங்கு, கால்பங்காக முன்பதிவில் விற்பதுதான் சிறு பண்ணைக்குச் சரிப்பட்டு வரும். ஆள் உறுதியான பிறகு அறுப்புக்கு நாள் குறியுங்கள்.

இப்போது நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல வேண்டியது. கோழியையும் பன்றியையும் ஒன்றாக மேயவிடும் படங்கள் பார்க்க அழகாக இருக்கும், நீங்களும் அப்படித்தான் திட்டமிட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பறவைக் காய்ச்சல் வைரஸும் மனிதக் காய்ச்சல் வைரஸும் இரண்டுமே பன்றியின் உடலில் ஒட்டிக்கொள்ள முடியும். ஒரே பன்றிக்குள் இரண்டும் சேர்ந்தால் புதிதாக ஒன்று உருவாக வழி இருக்கிறது. 2009இல் உலகம் முழுக்கப் பரவிய காய்ச்சல் வைரஸ் பன்றிகளிடமிருந்து வந்தது, அதில் பறவை, மனிதன், பன்றி மூன்றின் மரபணுத் துண்டுகளும் இருந்தன. 2024 அக்டோபரில் அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில் ஒரு சிறிய வீட்டுப் பண்ணையில் பன்றிக்கு எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் உறுதியானது. அங்கே கோழிகளும் பன்றிகளும் ஒரே தண்ணீர், ஒரே கொட்டகை, ஒரே சாமான்களைப் பகிர்ந்துகொண்டிருந்தன. உங்கள் திட்டமும் அதேதான். நிலத்தை இரண்டாகப் பிரியுங்கள். தண்ணீர்த் தொட்டி, வாளி, மண்வெட்டி, செருப்பு எல்லாம் தனித்தனி. காலையில் கோழி வேலையை முடித்துவிட்டுப் பிறகு பன்றிப் பக்கம் போங்கள், அன்று திரும்பிக் கோழிப் பக்கம் போவதானால் கைகால் கழுவிச் செருப்பை மாற்றுங்கள். காட்டு வாத்தும் கொக்கும் இறங்கும் குட்டையில் இரண்டையும் விடாதீர்கள்.

அப்புறம், ஓட்டல் மிச்சமும் வீட்டு மிச்சமும் பன்றிக்கு இலவசத் தீனி என்ற எண்ணம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு மருந்து கிடையாது, வந்தால் பட்டியே காலி. அதன் வைரஸ் பதப்படுத்திய, உறைந்த பன்றிக்கறியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 2007இல் ஜார்ஜியா நாட்டுக்குள் நுழைந்து, 2018இல் சீனாவை எட்டி, ஆசியாவின் பல நாடுகளுக்குப் பரவியது. பரவலுக்கு எச்சில் தீனி ஒரு முக்கிய வழி. பல நாடுகளில் சமையலறைக் கழிவைப் பன்றிக்குப் போடுவதே சட்டப்படி குற்றம். தோட்டத்துக் காய்கறி, உதிர்ந்த பழம், தவிடு, புண்ணாக்கு போடுங்கள். சமையலறைக்குள் போய்வந்த எதுவும் வேண்டாம். மனிதக் கழிவு கிடக்கும் இடத்துக்கும் பன்றி போகக் கூடாது. நாடாப்புழு அந்த வழியாகத்தான் பன்றிக்குள் போகிறது, மனித மூளையில் கட்டி உண்டாகி வலிப்பு வருவதற்கு அது பெரிய காரணங்களில் ஒன்று. எலியை ஒழிப்பதும், கறியை உள்ளே 71 டிகிரி வரை வேகவைக்கச் சொல்வதும் இதோடு சேர்ந்தவை.

கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்குத் தடுப்பூசி எப்போது, எத்தனை தடவை என்பதை நான் தூரத்திலிருந்து எழுதித் தர முடியாது. எந்த நோய் எந்த மாதத்தில் வருகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும், உள்ளூர் மருத்துவருக்குத்தான் தெரியும். எல்லா இடத்துக்கும் பொதுவானது ஒன்று உண்டு. எந்த மருந்து கொடுத்தாலும், அதன் பிறகு எத்தனை நாள் முட்டையையும் கறியையும் விற்கக் கூடாது என்று கேட்டு நோட்டில் தேதியோடு எழுதிவிடுங்கள். அந்த நாட்களின் முட்டையைப் பண்ணை வீட்டிலும் யாரும் தின்னக் கூடாது.

சட்டமும் அப்படித்தான், ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு. முட்டை விற்பது பெரும்பாலும் எளிது. கறி விற்க உரிமம், ஆய்வு, அங்கீகரித்த அறுப்புக்கூடம் என்று வரும். பல சிறு பண்ணைகளுக்கு முட்டுக்கட்டை அங்கேதான், வளர்ப்பில் இல்லை. பன்றியை அறுக்கும் முன் சுமார் 12 மணி நேரம் தீனி நிறுத்தித் தண்ணீர் மட்டும் கொடுங்கள், அவசரப்படுத்தி அடித்து ஓட்டாதீர்கள். பயந்து திமிறிய பன்றியின் கறி வெளிறி நீர் விட்டுப்போகும். ஆறு மாதம் பார்த்து வளர்த்தது கடைசி அரைமணியில் கெட்டுவிடும்.

என் யோசனை இது. முதல் வருடம் முப்பது, நாற்பது கோழி மட்டும், முட்டை விற்பனைக்கு மட்டும். வாங்கிய தீவனம், கிடைத்த முட்டை, செத்த கோழி, வாங்கியவர் யார், திரும்ப வந்தவர் யார், நீங்கள் இருவரும் தினம் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்று எழுதிவாருங்கள். வாரம் தவறாமல் வருகிற இருபது குடும்பங்கள் சேர்ந்துவிட்டால் அவர்களிடமே பன்றிப் பங்குக்கு முன்பணம் கேட்டுப் பாருங்கள். எட்டுப் பேர் கொடுத்தால் இரண்டு குட்டி வாங்கலாம், ஆளுக்குக் கால்பங்கு. வாங்குவதற்கு முன், அருகிலுள்ள அறுப்புக்கூடம் சிறு பண்ணைக்காரர்களின் இரண்டு பன்றியை ஏற்குமா, எத்தனை வாரம் முன்னால் சொல்ல வேண்டும் என்று நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். தீவன விலையையும் கிடைத்த பதிலையும் இங்கே எழுதினால் கணக்கைச் சேர்ந்து பார்க்கலாம்.